திரையில் நீர்வட்டம், ஜன்னலில் மூடுபனி: படிப்பிக்கும்போது நாம் விடும் பிழைகள்

இலங்கை மலையகத்தில், ஹட்டன் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலை, ஜூலை மாதம், ஐந்தாம் தரம். மடிக்கணினியில் நீர்வட்டம் ஓடுகிறது. நீலக் கடல், சிரிக்கிற சூரியன், மேலே போகும் அம்புக்குறி, வெள்ளை மேகம், மழை. பிள்ளைகள் ஒவ்வோர் அம்புக்குறியாகத் தொட்டுப் பெயர் சொல்லி முடித்துவிட்டார்கள். பாடம் முடிந்தது என்றுதான் நானும் நினைத்தேன். அப்போது ஒரு பிள்ளை ஜன்னலைக் காட்டி, "டீச்சர், இந்தப் பனி அதுல எங்க இருக்கு?" என்று கேட்டாள். வெளியே மைதானமே தெரியவில்லை. மேகத்துக்குள் உட்கார்ந்துகொண்டு, மேகம் எப்படியிருக்கும் என்று திரையில் காட்டியிருக்கிறேன்!

நான் விட்ட பிழைகளில் பெரியது அதுதான். கண்ணுக்குத் தெரிவதை இணையத்தில் தேடப் போகக் கூடாது. பனி, பீலியில் (ஊற்றுத் தண்ணீர் வரும் குழாயில்) விழும் தண்ணீர், இலை நுனித் துளி எல்லாம் வாசலிலேயே இருக்கின்றன. கண்ணுக்குத் தெரியாததற்கும், போய்ப் பார்க்க முடியாத தூரத்தில் இருப்பதற்கும்தான் திரை வேண்டும்.

கண்ணுக்குத் தெரியாததில் முதலாவது நீராவி. கேத்தல் மூக்கிலிருந்து வரும் வெள்ளைப் புகையை நீராவி என்றே வீட்டிலும் சொல்கிறோம், வகுப்பிலும் சொல்லிவிடுகிறோம். அது நீராவி இல்லை, ஆவி குளிர்ந்து உண்டான சின்னஞ்சிறு துளிகள். மூடுபனியும் மேகமும் அதே துளிகள்தான். கேத்தலை உற்றுப் பார்த்தால் மூக்குக்கும் வெள்ளைப் புகைக்கும் நடுவே ஒன்றுமே இல்லாததுபோல் ஒரு சின்ன இடைவெளி தெரியும். நீராவி இருப்பது அங்கேதான். இதைக் காட்டிய பிறகு, கொலராடோ பல்கலைக்கழகத்தின் ஃபெட் (PhET) என்ற கணினி உருவகப்படுத்தல்களில் சடப்பொருளின் நிலைகள் பற்றியதைத் திறந்தால் அதற்கு அர்த்தம் வரும். மூலக்கூறுகள் ஒன்றையொன்று விட்டு ஓடுவதைப் பிள்ளைகள் பார்க்கலாம். ஆனால் சூடாக்குவதற்கு முன், "இப்போது என்ன நடக்கும்?" என்று கேட்டு ஒவ்வொருவரும் கொப்பியில் எழுத வேண்டும். இல்லாவிட்டால் விரல்தான் வேலை செய்யும்.

அந்த உருவகப்படுத்தலிலேயே ஒரு பொறியும் இருக்கிறது. கீழே நெருப்பு எரிவதைப் பார்த்துவிட்டு, நெருப்பில்லாமல் ஆவியாதல் இல்லை என்று பிள்ளைகள் முடிவு கட்டிவிடுவார்கள். தண்ணீர் நூறு பாகையில் கொதிக்கும் என்று நாம் வேறு சொல்லி வைத்திருப்போம். 1,868 மீட்டர் உயரத்து நுவரெலியாவில் தண்ணீர் கிட்டத்தட்ட 94 பாகையிலேயே கொதித்துவிடும். அது இருக்கட்டும், ஆவியாவதற்குக் கொதிக்கவே தேவையில்லை. இதற்கு இங்கே தேயிலைத் தொழிற்சாலையை விட நல்ல உதாரணம் கிடையாது. ஒரு கிலோ தேயிலைக்கு நாலரைக் கிலோ அளவு பச்சைக் கொழுந்து போக வேண்டும். மிச்ச எடை எங்கே போனது? கணிசமான பங்கு, கொழுந்தைப் பரப்பிக் காற்றில் வாட்டும்போதே ஆவியாகிப் போய்விடுகிறது. அம்மா கொழுந்து நிறுக்கும் கணக்கு எந்தப் பிள்ளைக்கும் தெரியும். கேட்டுப் பாருங்கள், வகுப்பே பேசும்.

அப்புறம், சொற்கள். யூடியூபில் கிடைக்கும் நல்ல தமிழ்க் காணொளிகளில் பல தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தில் வந்தவை. அவர்கள் நீர் சுழற்சி, ஆவி சுருங்குதல், நீராவிப்போக்கு என்பார்கள். நம் பிள்ளைகளுக்கு அவை நீர்வட்டம், ஒடுங்கல் (ஆவி குளிர்ந்து துளியாவது), ஆவியுயிர்ப்பு (இலைகள் நீராவியை வெளிவிடுவது). முன்கூட்டிச் சொல்லாமல் ஓடவிட்டால் ஆறு விஷயம் படித்ததாகப் பிள்ளை நினைக்கும். இரண்டு பெயரையும் பலகையில் பக்கத்தில் பக்கத்தில் எழுதிவிட்டால் போதும்.

சிக்னல் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மழைக்காலத்தில் அது இருக்காது என்று வைத்தே திட்டமிடுங்கள். ஃபெட்டின் புதிய உருவகப்படுத்தல்களை முதல் நாளே தரவிறக்கி வைத்தால் இணையம் இல்லாமலும் ஓடும். அதுவும் சரிவராத நாளில் ஒரு தாயக்கட்டை போதும். வகுப்பு மூலைகளுக்குக் கடல், மேகம், ஆறு, மண் என்று பெயர் வைத்து, விழும் எண்ணைப் பார்த்து ஒவ்வொருவரும் நகர வேண்டும். கடலில் மாட்டிக்கொண்ட பையன் மணி அடிக்கும்வரை அங்கேயே நிற்பான். ஒரு துளி ஒழுங்காக வட்டம் சுற்றி வராது என்பதை எந்த அசைபடமும் இவ்வளவு நன்றாகச் சொல்லவில்லை.

தூரத்துக்கு வருவோம். கடலைப் பார்க்காத பிள்ளைகள் என் வகுப்பில் உண்டு, அதனால் படத்தைக் கடலில் தொடங்கினால் பாடம் வேறு யாருடையதோ ஆகிவிடுகிறது. நம் பக்கத்து ஆறான மஸ்கெலி ஓயாவில் தொடங்குங்கள். கூகுள் எர்த்தில் அதன் கரையோடே போனால் கெஹெல்கமு ஓயா வந்து சேரும், களனி கங்கையாகும், கொழும்புக்குப் பக்கத்தில் கடலில் விழும். தலவாக்கலைப் பிள்ளைகள் தங்கள் ஆற்றைப் பின்தொடர்ந்தால் மகாவலி வழியாகத் திருகோணமலைப் பக்கம் போய் நிற்பார்கள்.

எல்லாப் படத்திலும் ஒரே ஒரு மலை, அதன் மேல் மழை. நமக்கு அது போதாது. ஜூலையில் ஹட்டனில் மழை கொட்டும்போது மலையின் மறுபக்கத்து ஊவாவில் வறண்ட காற்று அடிக்கும். அங்கே பண்டாரவளையில் படிப்பிக்கும் என் சிநேகிதி ஒரு நாள் வாட்ஸ்அப் வீடியோவில் வந்தார். அவர் பிள்ளைகள் வெயிலில், என் பிள்ளைகள் ஸ்வெட்டரில். தென்மேல் பருவக்காற்று மழையை மலையின் இந்தப் பக்கத்திலேயே இறக்கிவிடுகிறது என்பதைச் சொல்ல எனக்கு இரண்டு வசனம்தான் தேவைப்பட்டது.

படங்களில் மனிதரும் இருக்கமாட்டார்கள். 2019-ல் நேச்சர் ஜியோசயன்ஸ் இதழில் வந்த ஆய்வொன்று நூற்றுக்கணக்கான நீர்வட்டப் படங்களை ஆராய்ந்தது. 85 சதவீதத்தில் மனிதர் தண்ணீரில் செய்யும் எதுவுமே இல்லை. அமெரிக்கப் புவியியல் ஆய்வகம் 2022-ல் மனிதரையும் சேர்த்துப் புதுப் படம் வெளியிட்டது, அதைக் காட்டுங்கள். பக்கத்தில் காசல்ரீ, மவுசாகலை நீர்த்தேக்கங்களை வரையச் சொல்லுங்கள். மவுசாகலையில் தண்ணீர் இறங்கினால் மூழ்கிய பழைய மஸ்கெலியா ஊரின் கோயில் வெளியே தெரிவதைப் பிள்ளைகளே சொல்வார்கள்.

மழை நிலத்தில் விழுந்ததோடு படத்தை முடித்துவிடுவதும் பிழைதான். ஊறிய தண்ணீர்தான் ஊற்றாகிப் பீலிக்கு வருகிறது. அளவுக்கு மீறி ஊறினால் மண் சரியும். 2014 ஒக்டோபரில் கொஸ்லந்தை மீரியபெத்தயில் நடந்த மண்சரிவைப் பற்றி வீட்டில் கேட்டிருக்கும் பிள்ளைக்கு, மழை வெறும் சிரிக்கும் முகிலாக வந்தால் ஒட்டாது. பயமுறுத்தாமல், கேட்ட அளவுக்கு மட்டும் பதில் சொல்லலாம்.

சரி, கடைசியில் சோதிப்பது எப்படி? அம்புக்குறிக்குப் பெயர் இழுத்துப் போடும் விளையாட்டில் எல்லாரும் முழுப் புள்ளி எடுப்பார்கள், அதை நம்பாதீர்கள். "உங்கள் பீலித் தண்ணீர் எங்கிருந்து வந்தது, எங்கே போகும்? வரையுங்கள்" என்று வெற்றுத்தாளைக் கொடுங்கள். அன்று பனியைக் காட்டிக் கேட்ட பிள்ளை லயத்தை (தோட்டத்து வரிசை வீட்டை) வரைந்தாள், அடுப்பை வரைந்தாள், கேத்தலை வரைந்தாள். கேத்தல் மூக்குக்கும் புகைக்கும் நடுவே கொஞ்சம் வெள்ளையாக விட்டு, அதற்குள் சின்ன எழுத்தில் 'நீராவி' என்று எழுதியிருந்தாள்.