பழங்கதை இருக்கிற இடங்களுக்குப் போறப்ப பலரும் செய்ற தவறுகள்

ஒரு மலைக்கோ ஏரிக்கோ பின்னாடி பழங்கதை ஒண்ணு இருக்குன்னா அந்த இடமே வேற மாதிரி தெரியும், அதுக்காகத்தானே அவ்வளவு தூரம் போறோம். ஆனா நிறைய பேர் போய் இறங்கி, போர்டுல இருக்கிற நாலு வரியைப் படிச்சுட்டு, போட்டோ எடுத்துட்டு அடுத்த ஸ்பாட்டுக்குக் கிளம்பிடுறாங்க. கதையை அங்க போய்ப் பார்த்துக்கலாம்னு விட்டுடுறதுதான் முதல் தப்பு. வட அயர்லாந்துல ஜயன்ட்ஸ் காஸ்வேன்னு ஒரு கடற்கரை, சுமார் 40,000 பசால்ட் (ஒரு வகை எரிமலைப் பாறை) தூண்கள், பெரும்பாலும் ஆறு பக்கம், அடுக்கி வச்ச மாதிரி நிக்கும். ஃபின் மெக்கூல்ங்கிற ராட்சசன் ஸ்காட்லாந்துல இருக்கிற எதிரியோட சண்டை போடக் கடல்ல போட்ட பாதைன்னு கதை. அந்தப் பக்கம் ஸ்காட்லாந்தோட ஸ்டாஃபா தீவுலயும் இதே மாதிரி தூண்கள் இருக்கு! ரெண்டுமே சுமார் 6 கோடி வருஷத்துக்கு முன்னாடி எரிமலைக் குழம்பு ஆறிச் சுருங்கினப்ப உருவானதுதான். கதை ரெண்டு கரையையும் சேர்த்து வச்சிருக்கு, அது தெரியாம போனா பாதி இடத்தைத்தான் பார்ப்பீங்க.

அடுத்தது, "அறிவியல் காரணம் தெரிஞ்சிருச்சுல்ல, அப்ப கதை எல்லாம் சும்மா"ன்னு ஒதுக்கிடுறது. இதை நான் சுத்தமா ஏத்துக்க மாட்டேன். அமெரிக்காவுல ஆரிகன் மாநிலத்துல கிரேட்டர் லேக்னு ஒரு ஏரி, 594 மீட்டர் ஆழம், அந்த நாட்டுலயே ஆழமானது. கீழுலகத் தலைவன் லாவோவும் மேலுலகத் தலைவன் ஸ்கெல்லும் நெருப்பும் பாறையுமா வீசிச் சண்டை போட்டாங்க, கடைசில லாவோ நின்ன மலை அப்படியே உள்ள இடிஞ்சு விழுந்துச்சுன்னு அந்தப் பகுதிப் பழங்குடியான கிளாமத் மக்கள் தலைமுறை தலைமுறையா சொல்லிட்டு வர்றாங்க. புவியியல் ஆளுங்க சொல்றதும் கிட்டத்தட்ட அதேதான்: சுமார் 7,700 வருஷத்துக்கு முன்னாடி மசாமா எரிமலை வெடிச்சு உச்சி உள்ள சரிஞ்சு, அந்தப் பள்ளத்துல மழையும் பனியும் நிறைஞ்சு ஏரி ஆச்சு. எழுத்தே இல்லாத காலத்துல நடந்தது வாய்வழியாவே இவ்வளவு தூரம் வந்திருக்குன்னா அதை எப்படிங்க சும்மான்னு சொல்ல முடியும்.

அதுக்காக சொல்ற எல்லாத்தையும் ஆயிரம் வருஷப் பழசுன்னு நம்பிடவும் கூடாது. ஜெர்மனில ரைன் நதிக்கரைல 132 மீட்டர் உயரத்துல லோரெலை பாறை, அதுல ஒரு பொண்ணு உக்காந்து பாடிப் படகுக்காரங்களை மயக்கினான்னு சொல்வாங்க, ஆனா அந்தப் பொண்ணு 1801ல பிரென்டானோங்கிற கவிஞர் எழுதினதுல இருந்து வந்தவ. கதை புதுசுங்கிறதால அழகு ஒண்ணும் குறையாது, ஆனா எது எப்ப வந்துச்சுன்னு தெரிஞ்சுட்டுப் போறது நல்லது.

இப்ப எனக்கு நிஜமாவே கோபம் வர்ற விஷயம், இடத்தைக் கெடுக்கிறது. அதிர்ஷ்டம்னு சொல்லி காஸ்வே தூண்களோட இடுக்குல காசு சொருகுறாங்க, அது துருப்பிடிச்சு விரிஞ்சு கல்லையே உடைக்குது. ஸ்காட்லாந்துல ஸ்கை தீவுல ஃபேரி க்ளென்ங்கிற பள்ளத்தாக்குல கல்லை எடுத்துச் சுழல் சுழலா அடுக்குறாங்க, ஏதோ பழைய சடங்குன்னு நினைச்சுட்டு, ஆனா அது டூரிஸ்டுங்க ஆரம்பிச்சது, உள்ளூர்க்காரங்க அதைக் கலைச்சுக் கலைச்சே சலிச்சுப் போறாங்க. ஞாபகார்த்தமா ஒரு சின்ன கல்லுன்னு எடுக்கவும் எடுக்காதீங்க. ஆஸ்திரேலியாவுல உலுருங்கிற பிரம்மாண்டமான பாறைல அப்படி எடுத்துட்டுப் போனவங்க நிறைய பேர் பின்னாடி மன்னிப்புக் கடிதத்தோட கல்லைத் தபால்ல திருப்பி அனுப்புறாங்க, ஆனா எந்த இடத்துல இருந்து எடுத்ததுன்னு தெரியாம அதை எங்க கொண்டு போய் வைக்கிறது?

உலுருவைப் பத்தி இன்னும் கொஞ்சம் சொல்லணும். ஏறாதீங்கன்னு அந்தப் பகுதிப் பழங்குடியான அனங்கு மக்கள் பல வருஷமா கேட்டுட்டே இருந்தாங்க, ஜனங்க ஏறிட்டே இருந்தாங்க, 30 பேருக்கு மேல செத்தும் போனாங்க, கடைசில 2019 அக்டோபர் 26ல தான் ஏறுறதை மொத்தமா மூடினாங்க. இன்னைக்கும் பாறையோட சில பகுதிகள்ல போட்டோ எடுக்கக் கூடாதுன்னு போர்டு இருக்கும். அந்தப் பாறையோட அமைப்பே அவங்களுக்கு வேதம் மாதிரி, சில கதைகள் ஆம்பளைங்களுக்கு மட்டும், சில கதைகள் பொம்பளைங்களுக்கு மட்டும். அதனால கைடை நச்சரிச்சு "முழுக் கதையும் சொல்லுங்க"ன்னு கேக்காதீங்க, சொல்ற அளவுக்குக் கேட்டுக்கிட்டா போதும்.

கதைல மயங்கி ஆபத்தை மறக்கிறதும் நடக்குது. ஐஸ்லாந்துல ரெய்னிஸ்ஃபியாரா கடற்கரைல, விடிஞ்சதும் கல்லாப் போன ட்ரோல்கள்னு (கதைல வர்ற பூதங்கள்) சொல்ற பாறைகள் கடலுக்குள்ள நிக்கும், அதைப் பார்க்கிற ஜோருல தண்ணிக்குக் கிட்டப் போனவங்களைத் திடீர்னு வர்ற பெரிய அலை இழுத்துட்டுப் போயிருக்கு. கடலுக்கு முதுகைக் காட்டி செல்ஃபி எடுக்கவே கூடாது.

கடைசியா வானிலை. ஜெர்மனில ஹார்ட்ஸ் மலைகள்ல 1,141 மீட்டர் உயர ப்ரோக்கன் சிகரம், சூனியக்காரிகள் கூடுற இடம்னு பேர் போனது, வருஷத்துல சுமார் 300 நாள் மூடுபனி. பனின்னதும் பிளானை கேன்சல் பண்ணிடுறாங்க, ஆனா அந்தக் கதைகளே பனிலதான் பிறந்திருக்கணும்னு எனக்குத் தோணும், முதுகுப் பக்கம் தாழ்வா சூரியன் இருந்து முன்னாடி பனி இருந்தா உங்க நிழலே ராட்சச உருவமா வானவில் வளையத்தோட தெரியும். காலைலயே போய் அரை நாளாவது இருங்க, மேல காத்து கடுமையா இருக்கும், கோடையா இருந்தாலும் ஜாக்கெட் எடுத்துக்கோங்க, ஏப்ரல் 30 ராத்திரி, சூனியக்காரிகள் கூடுறதா சொல்ற வால்புர்கிஸ் விழாவுக்குப் போறதா இருந்தா ரூம் முன்னாடியே போட்டுடுங்க.