படம் வந்துட்டு, தேதி வரல்லியே: காப்பி எடுக்கையில் செய்யும் தவறுகள்

2017 நவம்பர் 30-ல் ஒக்கி புயல் அடித்துப் போட்ட பிறகு, குலசேகரம் பக்கத்தில் சித்தப்பா தன் தோட்டத்தில் முறிந்து கிடந்த ரப்பர் மரங்களை ஒன்றுவிடாமல் கேமராவில் எடுத்து, கம்ப்யூட்டரில் போட்டு வைத்திருந்தார். போன மாதம் புது லேப்டாப் வாங்கியதும், அந்தப் படங்களை வாட்ஸ்அப்பில் தனக்குத்தானே அனுப்பி அதில் இறக்கிக்கொண்டார். ராத்திரியே போன். "மக்கா, எல்லாம் இண்ணைக்கு எடுத்த படம்னுல்லா காட்டுது!"

காட்டத்தான் செய்யும். படமாக அனுப்பினால் வாட்ஸ்அப் அதைச் சுருக்குவதோடு, கேமரா உள்ளே எழுதிவைத்த எக்ஸிஃப் விவரத்தையும் உரித்துப் போட்டுவிடும். எடுத்த நாளும் நேரமும் இருப்பது அதில்தான். டாக்குமெண்டாக அனுப்பினால் எக்ஸிஃப் தப்பும். ஆனால் ஃபைலின் மேல் இருக்கும் தேதி அப்போதும் இறக்கிய நாள்தான்.

பென் டிரைவிலோ ஹார்ட் டிஸ்கிலோ கொண்டுபோவதே நல்லது. விண்டோஸில் சாதாரணமாக காப்பி-பேஸ்ட் செய்தால் திருத்திய தேதி அப்படியே வரும், உருவான தேதி மட்டும் இன்றைக்கு மாறும். பிறப்பதற்குப் பல வருஷம் முன்னாலேயே திருத்தப்பட்ட ஃபைல்! இதைப் பார்த்துப் பதறி, எதையாவது 'சரிசெய்ய' இறங்குவதுதான் அடுத்த தவறு. திருத்திய தேதியைப் பாருங்கள், போதும்.

ஃபோல்டரின் தேதி வேறு கதை. அது காப்பியில் பெரும்பாலும் போய்விடும். அதுவும் வேண்டுமென்றால் விண்டோஸிலேயே இருக்கும் ரோபோகாப்பி (robocopy) கட்டளையை எடுங்கள். அது ஃபைல் தேதிகளைத் தானாகவே காக்கும். ஃபோல்டருக்கு மட்டும் கட்டளையின் கடைசியில் /DCOPY:DAT என்று சேர்த்துக் கொடுக்க வேண்டும்; அதில் T என்பதுதான் 'டைம்'. லினக்ஸில் காப்பி எடுக்கும் கட்டளையான 'cp'-யை வெறுமனே போட்டால் திருத்திய தேதியே போய்விடும். 'cp -a' அல்லது 'rsync -a' போடுங்கள்.

பென் டிரைவ் ஃபேட்32 (FAT32) வகையில் ஃபார்மேட் ஆகியிருந்தால் திருத்திய நேரம் 2 விநாடிக் கணக்கில்தான் பதியும். ஒப்பிட்டு காப்பி எடுக்கும் மென்பொருள் சில நேரம் 'எல்லாமே மாறிவிட்டது' என்று மறுபடி முதலிலிருந்து தொடங்குவது இதனால்தான். ஒரே கம்ப்யூட்டரில் விண்டோஸும் லினக்ஸும் வைத்திருப்பவர்களுக்குக் கடிகாரம் சரியாக ஐந்தரை மணி நேரம் தள்ளிக் காட்டினால், வைரஸ் ஒன்றுமில்லை. கம்ப்யூட்டரின் உள்கடிகாரத்தில் விண்டோஸ் இந்திய நேரத்தை எழுதுகிறது, லினக்ஸ் அதை உலக நேரமாகப் (UTC) படிக்கிறது.

காப்பி எடுத்த கையோடு பழைய டிஸ்க்கை ஃபார்மேட் செய்யாதீர்கள். சித்தப்பா பிழைத்தது அதனால்தான். பழைய கம்ப்யூட்டர் மச்சில் தூசி படிந்து கிடந்தது. டிஸ்க்கைக் கழற்றி, யூஎஸ்பி பெட்டியில் மாட்டிப் பார்த்தோம். படங்கள் எக்ஸிஃபோடு முழுசாக இருந்தன. ஏற்கெனவே தேதி மாறிப்போயிருந்த சிலவற்றுக்கு, எக்ஸிஃப்டூல் என்ற இலவச மென்பொருளால் உள்ளே இருந்த தேதியை எடுத்து வெளியே போட்டேன்.

ஒரு ஃபோல்டர் மட்டும் மசியவில்லை. உள்ளேயும் வெளியேயும் 2012 ஜனவரி 1 என்றே இருந்தது. கேமராவின் பேட்டரியைக் கழற்றி மாட்டிய பிறகு கடிகாரத்தைத் திருப்பி வைக்கவில்லையாம். "எனக்கு என்ன தெரியும் மக்கா, படம் தெளிவா இருந்தது" என்கிறார்.