கதை நேரத்தைப் பாட நேரமாக்கும் தவறுகள்

மூன்று வயதுக் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு படக்கதை ஒன்றைப் பிரிக்கிறோம். இரண்டாம் பக்கம் வருவதற்குள் கேள்விகள் ஆரம்பித்துவிடுகின்றன. "இது என்ன அனிமல்? இங்கிலீஷ்ல சொல்லு. இது என்ன கலர்? எத்தனை வாத்து இருக்கு, எண்ணு பார்ப்போம்." குழந்தை மடியிலிருந்து நழுவி ஓடியதும், "இவனுக்குப் புத்தகம்னாலே பிடிக்கலை" என்று முடிவு கட்டிவிடுகிறோம். அவனுக்குப் பிடிக்காமல் போனது புத்தகம் அல்ல, பரீட்சை. வீட்டில் கதை வாசிப்பது சலித்துப்போக இதைவிடப் பெரிய காரணம் வேறு இல்லை என்பது என் கருத்து.

அப்படியானால் கேள்வியே கேட்கக் கூடாதா? தாராளமாகக் கேட்கலாம். ஒரே ஒரு சரியான விடை உள்ள கேள்விகளைத்தான் குறைத்துக்கொள்ள வேண்டும். "ஐயோ, இப்ப இந்த ஆட்டுக்குட்டி என்ன பண்ணும்?" என்று கேட்டால் குழந்தை எதைச் சொன்னாலும் அது சரியான பதில்தான். "ஓடும்" என்று மட்டும் சொன்னால், "ஆமா, அம்மாகிட்ட வேகமா ஓடும்" என்று நாம் அதை நீட்டிச் சொல்லலாம். அமெரிக்க உளவியலாளர் குரோவர் வைட்ஹர்ஸ்ட்டும் அவருடைய குழுவினரும் 1988இல் வெளியிட்ட ஆய்வு இந்த முறையைப் பற்றியதுதான். இரண்டு வயதையொட்டிய குழந்தைகளின் பெற்றோருக்கு இப்படித் திறந்த கேள்வி கேட்கவும், பதிலை நீட்டிப் பேசவும் கற்றுக்கொடுத்தார்கள். ஒரே மாதத்தில் அந்தக் குழந்தைகளின் பேச்சு, வழக்கம்போல் வாசிக்கக் கேட்ட மற்றக் குழந்தைகளின் பேச்சைவிட முன்னேறியிருந்தது.

இதே வகையில் நம்மிடம் இன்னொரு பழக்கமும் உண்டு. கதை முடிந்த கையோடு "சரி, இதுலேருந்து என்ன தெரிஞ்சுக்கிட்டே?" என்று நீதியைக் கேட்பது. பேராசைப்பட்ட நரிக்கு என்ன ஆனது என்பதைக் குழந்தை இப்போதுதான் கண்ணால் பார்த்திருக்கிறது. அதற்கு மேல் நாம் விளக்கினால் கதை அறிவுரையாக மாறிவிடும். அடுத்த முறை புத்தகத்தை எடுக்கும்போதே, கடைசியில் என்ன காத்திருக்கிறது என்று குழந்தைக்குத் தெரிந்துவிடும். விருந்தாளிகள் வந்தால் "மாமாவுக்கு அந்தக் கதையைச் சொல்லிக் காட்டு" என்று நிறுத்திவைப்பதும் வேண்டாம்.

அடுத்தது, தமிழில் வாசிப்பவர்களுக்கே உரிய சிக்கல். புத்தகத்தில் இருக்கும் தமிழ் வேறு, குழந்தை காதால் கேட்டு வளரும் தமிழ் வேறு. "குரங்கு மரத்திலிருந்து குதித்து ஆற்றங்கரையை நோக்கி ஓடிற்று" என்று அச்சில் இருப்பதை அப்படியே ஒப்பித்தால், இரண்டரை வயதுக் குழந்தைக்குப் பாதி புரியாது. "குரங்கு மரத்துலேருந்து தொபுக்கடீர்னு குதிச்சுது, ஆத்தங்கரைப் பக்கமா குடுகுடுன்னு ஓடுச்சு" என்று சொல்லிப் பாருங்கள். கண் விரியும். எழுதியதை மாற்றிச் சொல்கிறோமே என்று தயங்கவே வேண்டாம். உங்கள் வீட்டுப் பேச்சு நெல்லைத் தமிழோ, கொங்குத் தமிழோ, யாழ்ப்பாணத் தமிழோ, அதிலேயே சொல்லுங்கள்.

ஆனால் கடைசிவரை பேச்சுத் தமிழிலேயே நின்றுவிடுவதும் தவறுதான். பள்ளியில் குழந்தை சந்திக்கப்போவது எழுத்துத் தமிழை. அது முன்பே காதில் விழுந்திருந்தால் அங்கே அந்நியமாகத் தெரியாது. கதை நன்றாகப் பழகிய பிறகு, ஒவ்வொரு வரியாக அச்சில் உள்ளபடியே வாசிக்கலாம். கதை ஏற்கெனவே தெரியும் என்பதால் புதிய வடிவம் தானாகவே புரியும். எடுத்த எடுப்பில் எழுத்துத் தமிழ், அதுவும் செய்தி வாசிப்பது போன்ற குரலில் வேண்டாம். தமிழில் ஒலிச்சொற்களுக்குப் பஞ்சமா என்ன? சலசல, தடதட, மொறுமொறு, கிசுகிசு என்று எத்தனை! புத்தகத்தில் இல்லாவிட்டாலும் இவற்றை நாமே சேர்த்துக்கொள்ளலாம். நடிக்கத் தெரிய வேண்டும் என்பதில்லை. கரடிக்குக் குரலைத் தாழ்த்தி, எலிக்கு உயர்த்தினாலே போதும்.

"நேத்துதானே இதைப் படிச்சோம், வேற எடு" என்பதும் அடிக்கடி கேட்கும் வாசகம். நமக்கு அலுத்துவிட்டது, உண்மைதான். குழந்தைக்கு அலுக்கவில்லை. இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜெசிகா ஹார்ஸ்ட் குழுவினர் மூன்று வயதுக் குழந்தைகளிடம் செய்த ஆய்வு 2011இல் வெளியானது. ஒரே கதையைத் திரும்பத் திரும்பக் கேட்டவர்களும், வெவ்வேறு கதைகளைக் கேட்டவர்களும் புதுச் சொற்களைச் சம அளவில்தான் கேட்டார்கள். ஆனால் ஒரே கதையைக் கேட்டவர்களே அவற்றை நன்றாகக் கற்றுக்கொண்டார்கள். எனவே பத்தாவது முறையாக அதே யானைக் கதை வந்தாலும் வாசியுங்கள். நடுவில் ஒரு சொல்லை விட்டுவிட்டுக் காத்திருந்தால் குழந்தையே நிரப்பும். அதுவே பெரிய விளையாட்டு.

அசையாமல் உட்கார்ந்து கேட்க வேண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள். பொம்மைக் காரை உருட்டிக்கொண்டே கேட்கும் பிள்ளைகள் நிறைய. நிஜமாகவே விருப்பமில்லை என்று தெரிந்தால் பாதியில் மூடிவிடலாம், குற்றமில்லை. பக்கத்தில் டிவி ஓடுவது மட்டும் கூடாது.

புத்தகத் தேர்விலும் சறுக்குகிறோம். புத்தகக் காட்சிக்குப் போனால் "நூறு கதைகள்" என்று தடியாக, பொடி எழுத்தில், படம் குறைவாக இருப்பதை விலை மலிவு என்று வாங்கி வருகிறோம். சின்னக் குழந்தைக்கு ஒரு பக்கத்துக்கு ஓரிரு வரி, பெரிய படம், அவ்வளவே தேவை. தூலிகா, நேஷனல் புக் டிரஸ்ட் போன்ற பதிப்பகங்களில் இப்படிப்பட்ட தமிழ்ப் புத்தகங்கள் கிடைக்கின்றன. பிரதம் புக்ஸ் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்ப் படக்கதைகள் வாசிப்பு நிலை வாரியாக இலவசமாக உள்ளன. முடிந்தால் அவற்றை அச்செடுத்துக் கையில் கொடுங்கள். எழுத்தே இல்லாத படப் புத்தகங்களும் அருமையானவை. வாசிக்கத் தெரியாத பாட்டியும் பேரனுக்குக் கதை சொல்லலாமே.

வாங்கிய புத்தகத்தைக் கிழித்துவிடுவான் என்று பீரோவுக்குள் பூட்டி வைப்பதும் நடக்கிறது. கிழியத்தான் செய்யும், டேப் ஒட்டிக்கொள்ளலாம். புத்தகம் குழந்தையின் கைக்கு எட்டும் உயரத்தில் இருக்கட்டும்.

கடைசியாக ஒன்று, இதுதான் பலரும் கவனிக்காதது. குழந்தை எழுத்துக்கூட்டத் தொடங்கியதும் "இனி நீயே படிச்சுக்கோ" என்று நிறுத்திவிடுகிறோம். தமிழில் 247 எழுத்துகள். அவற்றைக் கூட்டிச் சரளமாக வாசிக்கச் சில வருடங்கள் ஆகும். அதுவரை, காதால் கேட்டுப் புரிந்துகொள்ளும் கதைக்கும் தானே வாசிக்க முடிகிற கதைக்கும் இடையே பெரிய இடைவெளி இருக்கும். வாசிப்பதை நாம் நிறுத்திவிட்டால், ஏழு வயதுப் பிள்ளை "பந்து, பட்டம்" வரிகளோடு நின்றுவிடும். அதனால் பெரிய கதைகளைத் தொடர்ந்து நீங்கள் வாசியுங்கள், நடுவே ஒரு வரியோ ஒரு வசனமோ அவர்கள் வாசிக்கட்டும். திக்கினால் கொஞ்சம் பொறுத்துப் பார்த்துவிட்டு, சொல்லை எடுத்துக் கொடுத்துக் கதையை மேலே நகர்த்துங்கள். அங்கே நிறுத்தி "ண"வுக்கும் "ன"வுக்கும் வித்தியாசம் விளக்க வேண்டாம், அதை வேறு நேரத்தில் பார்த்துக்கொள்ளலாம்.