மார்த்தாண்டம் தேனில் நுரைக்கும் இஞ்சி பீர்

வீட்டில் பீர் காய்ச்சுவதற்குத் தமிழ்நாட்டு மதுவிலக்குச் சட்டம் இடந்தருவதில்லை. ஆகவே பீரில் தேன் சேர்க்கும் முறையை, பெயரில் மட்டும் பீரைக் கொண்ட இஞ்சி பானத்துக்குப் பொருத்தி இங்கே எழுதுகிறேன். இரண்டிலும் சிக்கல் ஒன்றுதான். தேனிலுள்ள சர்க்கரையை ஈஸ்ட் ஏறத்தாழ முழுவதும் தின்றுவிடும் என்பதால் இனிப்பு நிற்பதில்லை. கொதிக்கும் நீரில் தேனை ஊற்றினாலோ மணமும் ஆவியோடு போய்விடும். தேனை எப்போது ஊற்றுவது என்பதில்தான் பானத்தின் சுவையே இருக்கிறது.

நம் குமரி மாவட்டத்தில் எளிதாகக் கிடைப்பது ரப்பர் தேன். மார்கழி, தை மாதங்களில் இலை உதிர்த்த ரப்பர் மரங்கள் மீண்டும் துளிர்க்கும்போது, மூன்று சிற்றிலைகளும் காம்போடு சேரும் இடத்தில் உள்ள சுரப்பிகளிலிருந்து தேனீக்கள் இதைச் சேகரிக்கின்றன, பூவிலிருந்து அல்ல. 2023இல் புவிசார் குறியீடு பெற்ற மார்த்தாண்டம் தேனின் பெரும்பகுதி இந்தப் பருவத்தில் எடுக்கப்படுவதே. தேனீக்கள் அடையை மெழுகால் மூடுமுன் எடுத்த தேனில் நீர் மிகுந்திருக்கும். அது பாட்டிலிலேயே நுரைத்துப் புளித்துவிடும். எனவே தேன் பெட்டி வைத்திருப்பவரிடம், அடை மூடிய பிறகு எடுத்ததா என்று கேட்டு வாங்குங்கள். அடியில் உறைந்திருந்தால் அதைக் குறையென்று எண்ண வேண்டாம். பாட்டிலை வெதுவெதுப்பான நீரில் வைத்தால் இளகிவிடும். கொடுக்கில்லாத சிறு தேனீக்கள் தரும் சிறுதேனை இதில் ஊற்றாதீர்கள். அத்தனை அரிதான தேன் இஞ்சியின் காரத்தில் மறைந்துபோவது எனக்குப் பொறுக்காது.

முதலில் பானத்தை நொதிக்கவைக்கும் உறை தயாரிக்க வேண்டும். கொதித்து ஆறிய 300 மி.லி. நீரில், தோல் சீவாமல் துருவிய இஞ்சி இரண்டு கரண்டியும் சர்க்கரை இரண்டு கரண்டியும் கலந்து, துணியால் வாய்கட்டி வையுங்கள். இயற்கை ஈஸ்ட் இஞ்சியின் தோலில் இருப்பதால் தோல் அவசியம். கிருமிகளை அடக்கும் குணம் தேனுக்கு உண்டு என்பதால் உறைக்குச் சர்க்கரையே நல்லது. தினமும் இஞ்சியும் சர்க்கரையும் ஒவ்வொரு கரண்டி சேர்த்து, காலையும் மாலையும் கிளறினால், நம்மூர் வெக்கையில் மூன்றாம் அல்லது நான்காம் நாள் குமிழிகள் எழும். பூஞ்சை படர்ந்தால் முழுவதையும் கொட்டிவிடுங்கள்.

பிறகு, இரண்டு லிட்டர் நீரில் நசுக்கிய இஞ்சி 100 கிராம், ஒரு சிட்டிகை உப்பு இவற்றைப் போட்டுக் கால் மணி நேரம் கொதிக்கவைத்து வடிகட்டுங்கள். குழாய் நீரின் பிளீச்சிங் பவுடர் வாடையும் இந்தக் கொதியில் போய்விடும். விரல் விட்டால் சுடாத அளவுக்கு ஆறிய பின்னரே 200 கிராம் தேனை, அதாவது சுமார் 140 மி.லி. தேனை, ஊற்றிக் கலக்க வேண்டும். சர்க்கரைக்குப் பதிலாகத் தேன் என்று கணக்கிடுபவர்கள், தேனில் ஐந்தில் ஒரு பங்கு நீர் என்பதால், 100 கிராம் சர்க்கரைக்கு 125 கிராம் தேன் எடுக்க வேண்டும். முழுவதும் ஆறியதும் இரண்டு எலுமிச்சைச் சாறும், வடிகட்டிய உறை 120 மி.லி.யும் சேருங்கள்.

கண்ணாடி பாட்டில் வேண்டவே வேண்டாம். ஒரு பங்குனி மாதத்தில் என் சமையலறையில் ஒரு பாட்டில் வெடித்து, சில்லுகள் மறு சுவர்வரை தெறித்தன; நல்லவேளையாக அப்போது அங்கே யாரும் இல்லை. சோடா விற்கும் பிளாஸ்டிக் பாட்டிலில் இரண்டு விரற்கடை இடம் விட்டு நிரப்பி, காலையும் மாலையும் அமுக்கிப் பாருங்கள். பாட்டில் கல்போல் இறுகியதும், பெரும்பாலும் ஒன்றரை நாளுக்குள், ஃபிரிட்ஜில் வைத்துவிட வேண்டும்.

குளிரில் நொதித்தல் மந்தமாகுமே தவிர நிற்காது. ஆகவே ஐந்து நாளுக்குள் குடித்து முடியுங்கள். சிறிதளவு ஆல்கஹால் எப்படியும் உண்டாகும். நாள் கூடினால் அதுவும் கூடும். குழந்தைகளுக்கும், மதுவை அறவே தவிர்ப்பவர்களுக்கும் இதைக் கொடுக்க வேண்டாம். மூடியைச் சிறிது சிறிதாகத் திருகித் திறந்து, அடிமண்டி கலங்காமல் ஊற்றினால், இஞ்சியின் காரம் இறங்கிய பிறகு தேனின் மணம் நாவில் தங்கும்.