கிராம் ஸ்டெயின் தப்பாக வருகிறதா? கடலோர லேபுக்கான செய்முறை

பாக்டீரியாவைச் சாயமேற்றி ஊதா (கிராம் பாசிட்டிவ்), சிவப்பு (கிராம் நெகட்டிவ்) என்று பிரித்துக் காட்டும் கிராம் ஸ்டெயினில் தவறுவது பெரும்பாலும் ஒரே இடத்தில்தான்: நிறம் நீக்கும் அந்தச் சில நொடிகள். மற்றதெல்லாம் கடிகாரம் பார்த்துச் செய்துவிடலாம்.

1884-இல் ஹான்ஸ் கிறிஸ்டியன் கிராம் வெளியிட்ட முறை இது. நிறத்தைத் தீர்மானிப்பது செல் சுவர். கிராம் பாசிட்டிவில் சுவரின் பெப்டிடோகிளைக்கான் அடுக்கு 20 முதல் 80 நானோமீட்டர் தடிமன். நெகட்டிவில் 10-க்கும் குறைவு, அதன்மேல் கொழுப்புள்ள வெளிச்சவ்வு.

ஸ்லைடில் ஒரு சிறு சொட்டு 0.85% சலைன் (உப்புக் கரைசல்). லூப் (கம்பி வளையம்) நுனியில் ஒட்டிய பாக்டீரியா காலனி போதும், அதைச் சொட்டில் மெல்லியதாகப் பரப்புங்கள். இப்படிப் பரப்பிக் காய்ந்த ஸ்மியரை நாளிதழ் மேல் பிடித்தால் எழுத்து படிக்க வர வேண்டும். மீன் முள் குத்திய புண்ணிலிருந்து வளர்ந்த விப்ரியோ (கடல்நீர் பாக்டீரியா) என்றால் ஸ்மியர் போடும்போது சலைனை விட்டு டிஸ்டில்டு வாட்டருக்குப் போகாதீர்கள். உப்பு விரும்பும் செல்கள் அதில் உடையும்.

ஐப்பசி, கார்த்திகையில் தொண்டி, மண்டபம் பக்கம் ஸ்மியர் லேசில் காயாது. ஈரத்தோடு தீயில் காட்டினால் செல்லின் உருவமே கெடும். முழுக்கக் காய்ந்தபின் சுடரில் இரண்டு மூன்று முறை இழுத்தால் போதும். புறங்கையில் வைத்தால் சூடு பொறுக்கும்படி இருக்க வேண்டும்.

ஊதாச் சாயமான கிரிஸ்டல் வயலட் 1 நிமிடம், கழுவுங்கள். கிராம் அயோடின் 1 நிமிடம், கழுவுங்கள்.

இனிதான் நிதானம். ஸ்லைடைச் சாய்த்துப் பிடித்து அசிட்டோன்-ஆல்கஹாலைச் சொட்டுச் சொட்டாக விடுங்கள். வழியும் துளியில் ஊதா வருவது நின்றதும் உடனே தண்ணீர். 2, 3 நொடியில் முடிந்துவிடும். 95% எத்தனால் என்றால் 10 முதல் 20 நொடி. புதிதாகப் பழகுவோருக்கு எத்தனாலே நல்லது. நிறத்தை மெதுவாக இழுப்பதால் கை தவறினாலும் சுதாரிக்கலாம். ஆல்கஹால் நெகட்டிவின் வெளிச்சவ்வைக் கரைப்பதால் ஊதா வெளியேறுகிறது. பாசிட்டிவின் தடித்த சுவரோ நீர் வற்றி இறுகி அதை உள்ளேயே பிடித்துக்கொள்கிறது. அதிக நேரம் விட்டால் பாசிட்டிவான ஸ்டெஃபைலோகாக்கஸும் சிவந்துபோகும். ஸ்மியர் தடித்திருந்தால் நெகட்டிவான ஈ.கோலையும் ஊதாவாக நிற்கும்.

சிவப்புச் சாயமான சாஃப்ரனின் 1 நிமிடம், கழுவி, ஒற்றி உலர்த்தி, எண்ணெய் விட்டு 100 எக்ஸ் லென்ஸில் பாருங்கள்.

கடைசிக் கழுவலுக்கு மட்டும் போர்வெல் தண்ணீர் வேண்டாம். இந்தப் பக்கத்து உவர்நீர் காய்ந்தால் ஸ்லைடில் வெள்ளைப் படிவம் விழும். லென்ஸில் கோணல்மாணலாக மின்னும் படிகங்களைப் பாக்டீரியா என்று எண்ணிவிடக் கூடாது. டிஸ்டில்டு வாட்டரையே ஊற்றுங்கள்.

பின்சேர்க்கை: எல்லாம் சரியாகச் செய்தும் பாசிட்டிவ் சிவப்பாகவே வந்தால் இரண்டைப் பாருங்கள். அயோடின் பழுப்பு மங்கி வெளிர்மஞ்சளாகியிருந்தால் அதைக் கொட்டுங்கள். கல்ச்சர் (வளர்த்த பாக்டீரியா) 24 மணி நேரம் தாண்டியிருந்தால் சுவர் தளர்ந்து நிறத்தை விட்டுவிடும். புதிதாக வளர்த்து எடுங்கள். அதே ஸ்லைடின் ஓரத்தில் ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ் ஒரு புள்ளி, ஈ.கோலை ஒரு புள்ளி வைத்துச் செய்தால் கோளாறு ஸ்டெயினிலா சாம்பிளிலா என்பது அப்போதே தெரிந்துவிடும்.