சங்கம் நடத்தும் ரத்த தான முகாம்: தேதி குறிப்பது முதல் பதிவேடு ஒப்படைப்பது வரை

அரிமா சங்கமோ, ரோட்டரியோ, ஊர் நற்பணி மன்றமோ, ஒரு சேவைச் சங்கத்தின் ஆண்டுத் திட்டத்தில் ரத்த தான முகாம் இல்லாமல் இருப்பது அரிது. பல முகாம்கள் தடம் மாறுவது ஒரே இடத்தில்தான்: பைகளின் எண்ணிக்கையை இலக்காக வைக்கிறார்கள். முழு ரத்தம் குளிர்ப்பெட்டியில் 35 நாள்தான் தாங்கும். மாதம் 150 பை செலவாகும் ஒரு ரத்த மையத்தில் (ரத்த வங்கியில்) ஒரே நாளில் 300 பை போய் இறங்கினால், நூறு பைக்கு மேல் காலாவதியாகிக் கீழே போகும். அன்று கொடுத்த ஆண்கள் அடுத்த 90 நாளும், பெண்கள் 120 நாளும் திரும்பக் கொடுக்கவும் முடியாது. ஐம்பதாவது நாள் பிரசவ வார்டிலிருந்து அவசரம் என்று போன் வரும்போது, ஊரில் கொடுக்கக்கூடியவர்கள் எல்லாரும் ஏற்கெனவே கொடுத்து முடித்திருப்பார்கள். ஆகவே 300 பேருக்கு ஒரு முகாம் வேண்டாம். 60 பேருக்கு ஒன்றாக, ஆண்டுக்கு நான்கைந்து முகாம்கள் போடுங்கள். கீழே சொல்வதெல்லாம் 60 பேர் கணக்குக்குத்தான்.

தேதி

ரத்த மையத்தைக் கேட்காமல் தேதி குறிக்காதீர்கள். மண்டபத்தைப் பிடித்து, ஃபிளெக்ஸ் அடித்துவிட்டுப் போய்க் கேட்டால், அன்று அவர்களுடைய குழு வேறு ஊரில் இருக்கும். ஜூன் 14 உலக ரத்தக் கொடையாளர் நாள், அக்டோபர் 1 தேசியத் தன்னார்வ ரத்த தான நாள், ஆகஸ்ட் 15, தலைவர்களின் பிறந்தநாள் என எல்லாச் சங்கங்களும் பிடிப்பது இந்தச் சில நாட்களைத்தான். உண்மையான தட்டுப்பாடு ஏப்ரல், மே மாதங்களில் வரும். கல்லூரிகள் மூடியிருக்கும், வெயிலுக்குப் பயந்து ஆட்களும் வெளியே வரமாட்டார்கள். தீபாவளி, பொங்கலை ஒட்டிய வாரங்களும் அப்படித்தான். வடகிழக்குப் பருவமழையோடு டெங்கு வரும்போது பிளேட்லெட் தேவை கூடும். பிளேட்லெட் ஐந்து நாளுக்கு மேல் தாங்காது என்பதால் அதை முன்கூட்டிச் சேர்த்து வைக்கவும் வழியில்லை. அந்தப் பருவத்தில் சின்னச் சின்ன முகாமாக நடத்துவதே பயன் தரும்.

பெரிய முகூர்த்தம் உள்ள ஞாயிற்றுக்கிழமையைத் தவிருங்கள். புரட்டாசிச் சனிக்கிழமைகளில் விரதம் இருப்பவர்கள் உண்டு. சபரிமலைக்கு மாலை போட்டவர்களில் பலர் காலையில் சாப்பிடுவதில்லை. ரம்ஜான் மாதத்தில் பகல் முகாம் சரிப்படாது. வெறும் வயிற்றோடு ரத்தம் கொடுப்பதுதான் மயக்கத்துக்கு நேர்வழி என்பதால் இதைக் காலண்டரை வைத்துக்கொண்டு பாருங்கள்.

ரத்த மையத்தோடு பேசும்போது

ஒரு மாதத்துக்கு முன் சங்கத்தின் முகவரித்தாளில் கடிதம் கொடுங்கள். அரசு மருத்துவமனை ரத்த மையம் முதல் தேர்வாக இருக்கட்டும். தனியார் அல்லது அறக்கட்டளை மையம் என்றால், உரிமம் நடப்பில் இருக்கிறதா, வெளிமுகாம் நடத்த மாநில ரத்தமேற்றுக் குழுமத்தின் அங்கீகாரம் உண்டா என்று கேட்டு நகல் வாங்கிக் கோப்பில் வையுங்கள். நல்ல மையம் இதற்குக் கோபப்படாது.

எத்தனை பேரை அனுப்புவார்கள் என்பதையும் எழுத்தில் வாங்குங்கள். மூன்று மணி நேரத்தில் 50 முதல் 70 பை எடுக்க ஒரு மருத்துவர், இரண்டு செவிலியர், மூன்று தொழில்நுட்பர், இரண்டு சமூகப் பணியாளர், இரண்டு உதவியாளர் வேண்டும், ஆறு முதல் எட்டுக் கட்டில் வேண்டும் என்பது சட்டவிதியில் உள்ள கணக்கு. இதில் பாதி ஆட்களோடு வண்டி வந்தால் வரிசை நகராது. காத்திருந்தவர்கள் பசியோடு கட்டிலில் ஏறுவார்கள், அல்லது வீட்டுக்குத் திரும்பிவிடுவார்கள்.

கடைசிக் கேள்வி: ரத்தத்தைக் கூறுகளாகப் பிரிக்கும் வசதி அந்த மையத்தில் இருக்கிறதா? இருந்தால் ஒரு பையை சிவப்பணு, பிளாஸ்மா, பிளேட்லெட் என மூன்று நோயாளிகளுக்குக் கொடுக்கலாம். ஆனால் எடுத்த ஆறு முதல் எட்டு மணி நேரத்துக்குள் பிரித்தாக வேண்டும். இரண்டரை மணி நேரப் பயணத்தில் இருக்கும் மையத்தை அழைத்துவிட்டு முகாமை மாலை வரை இழுத்தால் அந்த வாய்ப்பு கைவிட்டுப் போகும். காலை 9 மணிக்குத் தொடங்கி 12 மணிக்கு வண்டியை அனுப்பிவிடுவது நல்லது.

பை, ஊசி, படிவம், எடை எந்திரம், அவசர மருந்து, குளிர்ப்பெட்டி எல்லாம் மையத்துடையவை. மடக்குக் கட்டில் அவர்களிடம் எத்தனை இருக்கிறது என்று கேட்டு, மீதியை நீங்கள் ஏற்பாடு செய்யுங்கள். பள்ளி பெஞ்சுகளை ஒட்டிப் போடுவதை ஒத்துக்கொள்ளாதீர்கள். கால் தூக்கிப் படுக்க வைக்க அதில் இடம் இருக்காது.

இடம்

தரைத்தளம், காற்றோட்டம், கழிப்பறை, தடையில்லா மின்சாரம், குழாய்த் தண்ணீர். ஷாமியானாப் பந்தல் வேண்டாம். பதினோரு மணிக்கு மேல் துணிக்கு அடியில் வெக்கை இறங்கும். திருமண மண்டபத்தின் சாப்பாட்டுக்கூடம் பெரும்பாலும் சரியாக வரும்: உள்ளே வர ஒரு வழி, வெளியேற ஒரு வழி, நீள மேசை, கை கழுவும் இடம் எல்லாம் அங்கே இருக்கும். மருத்துவர் கொடையாளரிடம் பேசும் மேசையை மட்டும் தனி அறையில் அல்லது தடுப்புக்குப் பின்னால் போடுங்கள். அந்தரங்கமான கேள்விகள் அங்கே கேட்கப்படும். பக்கத்தில் நண்பனோ மேலாளரோ நின்றால் உண்மையான பதில் வராது. அந்தப் பதிலை நம்பித்தான் முன்பின் தெரியாத ஒரு நோயாளிக்கு ரத்தம் ஏறுகிறது. இதில் மட்டும் சமரசம் கூடாது.

ஆள் திரட்டுவது

பெயர் கொடுப்பவர்கள் எல்லாரும் வரமாட்டார்கள். வருபவர்களில் ஒரு பகுதியினரை மருத்துவர் திருப்பி அனுப்புவார். 60 பை வேண்டுமென்றால் 120 பெயராவது கையில் இருக்கட்டும். வாட்ஸ்அப்பில் போஸ்டர் போட்டால் கட்டைவிரல் குறிதான் வரும், ஆள் வரமாட்டார். ஒரு உறுப்பினருக்குப் பத்துப் பேர் என்று பிரித்து, ஒவ்வொருவரையும் போனில் கூப்பிட்டு, வரும் நேரத்தையும் குறித்துக் கொடுங்கள்: 9 மணிக்கு நாற்பது பேர், 10 மணிக்கு நாற்பது பேர், 11 மணிக்கு நாற்பது பேர்.

அதே போனில் இவற்றையும் விசாரித்துவிட்டால் பலருக்கு வீண் அலைச்சல் மிச்சம். வயது 18 ஆகிவிட்டதா? முதல்முறை கொடுப்பவருக்கு 60, ஏற்கெனவே கொடுத்துப் பழகியவருக்கு 65 வரை. எடை 45 கிலோவுக்குக் குறையக்கூடாது, அந்த எடைக்கு 350 மி.லி. எடுப்பார்கள். 450 மி.லி. எடுக்க 55 கிலோவுக்கு மேல் வேண்டும். ஓராண்டுக்குள் பச்சை குத்தியவர்கள் காத்திருக்க வேண்டும். டைபாய்டு வந்து குணமானவர்களுக்கும் ஓராண்டு. டெங்கு, சிக்குன்குனியாவுக்கு ஆறு மாதம், மலேரியாவுக்கு மூன்று மாதம். கர்ப்பிணிகளும் தாய்ப்பால் கொடுப்பவர்களும் கொடுக்கக்கூடாது. இரவுப்பணி முடித்துத் தூங்காமல் நேரே வருபவரை இன்னொரு நாள் வரச் சொல்லுங்கள். மில், தொழிற்பேட்டைப் பகுதிகளில் இதை மறந்துவிடுகிறார்கள். மாத்திரை சாப்பிடுபவர்கள் மாத்திரை அட்டையைக் கையோடு கொண்டுவரட்டும், முடிவை மருத்துவர் சொல்வார்.

யாரையும் கட்டாயப்படுத்தாதீர்கள். வகுப்பு முழுவதையும் வரிசையாகக் கூட்டிவரும் கல்லூரியும், வருகைப்பதிவோடு இணைக்கும் நிறுவனமும் தரும் எண்ணிக்கை பார்க்க அழகாக இருக்கும். மறைக்க வேண்டியதை மறைத்துக்கொண்டு ஒருவர் கட்டிலில் படுப்பதும் அங்கேதான் நடக்கும். பணமோ விலையுள்ள பரிசோ வேண்டாம். பணத்துக்கு ரத்தம் கொடுப்பதை உச்ச நீதிமன்றத்தின் 1996 தீர்ப்பு தடைசெய்தது, 1998 ஜனவரி 1 முதல் அது நடைமுறைக்கு வந்தது. சான்றிதழ், அட்டை, ஒரு மரக்கன்று போதும்.

முகாம் நாள்

தொண்டர் பன்னிரண்டு பேர்: பதிவுக்கு மூன்று, வரிசைக்கு இரண்டு, மருத்துவர் தடுப்பின் வாசலில் ஒருவர், ஓய்விடத்தில் மூன்று, சிற்றுண்டிக்கு இரண்டு, வண்டி நிறுத்துமிடத்தில் ஒருவர். தொடக்க விழாவால் ரத்தம் எடுப்பது தாமதமாகக்கூடாது. சிறப்பு விருந்தினர் 10 மணிக்கு வந்தாலும் முதல் கட்டில் 9 மணிக்கு நிரம்ப வேண்டும். குத்துவிளக்கும் பொன்னாடையும் கூடத்தின் ஓர் ஓரத்தில், கால் மணி நேரத்துக்குள். கட்டிலைச் சுற்றிப் போட்டோ எடுக்கக் கூட்டம் போடாதீர்கள். காற்று அடைபடும், செவிலியரின் கை இடறும், படுத்திருப்பவருக்குப் பதற்றம் கூடும்.

வந்தவுடன் முதல் கேள்வி, சாப்பிட்டீர்களா என்பதுதான். நான்கு மணி நேரத்துக்குள் சாப்பிட்டிருக்க வேண்டும். இல்லையென்றால் இரண்டு இட்லி கொடுத்து அரைமணி நேரம் உட்கார வையுங்கள். எல்லாருக்கும் கட்டிலுக்குப் போகும் முன் அரை லிட்டர் தண்ணீர். பிறகு படிவம், எடை, ஹீமோகுளோபின், மருத்துவர், கட்டில் என்று வரிசை போகும்.

ஹீமோகுளோபின் 12.5 கிராமுக்குக் குறையக்கூடாது. சிறு கருவியில் பார்க்கும் மையங்கள் உண்டு, பழைய முறையும் இருக்கிறது. கண்ணாடிக் குவளையில் நீலநிறக் காப்பர் சல்ஃபேட் கரைசல். அதன் ஒப்படர்த்தி (தண்ணீரோடு ஒப்பிட்ட அடர்த்தி) 1.053. விரல்நுனியில் குத்தி எடுத்த ஒரு சொட்டை அதன் மேலிருந்து விடுவார்கள். சொட்டு சிவப்பு மணியாக உருண்டு, 15 வினாடிக்குள் நேராக அடியில் போய் உட்கார்ந்தால் தகுதி உண்டு. நடுவில் தயங்கி நின்றாலோ மேலே எழும்பினாலோ ரத்தச்சோகை. கல்லூரி மாணவிகளில் நிறையப் பேர் இங்கேதான் திரும்புகிறார்கள். ஏமாந்த முகத்தோடு போகிறவரை அப்படியே விட்டுவிடாதீர்கள். பெயரைக் குறித்து, ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் சீட்டு கொடுத்து, மூன்று மாதம் கழித்துக் கூப்பிடுங்கள். சிற்றுண்டியும் அவருக்கு உண்டு. அதற்காகத்தான் 60 பேர் முகாமுக்கு 90 வாழைப்பழம், 90 பாக்கெட் பழச்சாறு, அதே அளவு பிஸ்கட் என்று வாங்கச் சொல்கிறோம். 20 லிட்டர் தண்ணீர் கேன் நான்கு வேண்டும். கோடையில் பானையில் உப்பு போட்ட மோரும் வையுங்கள்.

மயக்கம்

ரத்தம் எடுக்க ஐந்து முதல் எட்டு நிமிடம் ஆகும். மயக்கம் பெரும்பாலும் முதல்முறை கொடுப்பவருக்கு, அதுவும் எழுந்த பிறகு வரும். அறிகுறியைத் தொண்டர்களுக்கு முன்பே சொல்லிக்கொடுங்கள்: அடுத்தடுத்துக் கொட்டாவி, மேலுதட்டில் பொடிப்பொடியாக வியர்வை, உதடு வெளுப்பது, கேட்ட கேள்விக்குப் பதில் தாமதிப்பது. இதில் ஒன்றைக் கண்டாலும் செவிலியரைக் கூப்பிடுங்கள். இருக்கிற இடத்திலேயே படுக்க வைத்து, இரண்டு காலையும் தலைமட்டத்துக்கு மேல் தூக்கி, சட்டைக் காலரைத் தளர்த்துங்கள். கைத்தாங்கலாக வெளியே காற்றுக்கு நடத்திப் போவது பெரிய தவறு. நடுவழியில் விழுந்து தலையில் அடிபடும். முழு நினைவு திரும்பும்வரை தண்ணீரோ காபியோ வாயில் ஊற்றாதீர்கள்.

கொடுத்தபின் கட்டிலிலேயே ஐந்து நிமிடம், பிறகு ஓய்விடத்தில் கால் மணி நேரம். இருசக்கர வாகனத்தில் வந்தவரை உடனே கிளம்ப விடக்கூடாது. வண்டிச் சாவியைப் பதிவு மேசையில் வாங்கி வைத்து, சிற்றுண்டி முடிந்தபின் திருப்பித் தருவது எளிய வழி. ஒட்டிய பஞ்சை நான்கு மணி நேரம் எடுக்க வேண்டாம், அன்று அந்தக் கையால் பளு தூக்க வேண்டாம், தண்ணீர் நிறையக் குடியுங்கள் என்று ஒவ்வொருவரிடமும் வாயால் சொல்லுங்கள். துண்டுச்சீட்டை யாரும் படிப்பதில்லை.

ஊசி, ரத்தம் பட்ட பஞ்சு எல்லாம் ரத்த மையமே எடுத்துப்போக வேண்டும். மண்டபத்துக் குப்பைத்தொட்டியில் ஒரு பஞ்சு கிடந்தாலும் அது மறுநாள் தூய்மைப் பணியாளரின் கையில்தான் படும். வண்டி கிளம்புமுன் கட்டில்களுக்கு அடியில் ஒருமுறை குனிந்து பாருங்கள்.

பிறகு

மறுநாள் காலையில் எல்லாருக்கும் ஒரு போன். கை வீங்கியிருக்கிறதா, தலைசுற்றல் உண்டா என்று கேட்பதற்கு ஒரு நிமிடம் போதும். ஊசி குத்திய இடத்தில் நீலம் பாரித்திருந்தால் முதல் நாள் குளிர் ஒத்தடம். வீக்கமோ மரத்துப்போதலோ இருந்தால் மையத்தின் மருத்துவரிடம் அனுப்புங்கள். எச்.ஐ.வி., மஞ்சள்காமாலை பி, சி, சிபிலிஸ், மலேரியா ஆகியவற்றுக்கான சோதனை முடிவு கொடையாளருக்கும் மையத்துக்கும் இடையில் உள்ளது. சங்கம் அதைக் கேட்கவே கூடாது.

நாற்பது நாள் கழித்து மையத்துக்குப் போய், எந்த வகை எத்தனை பை வந்தது, எத்தனை பயன்பட்டது, எத்தனை காலாவதியானது என்று கேளுங்கள். அடுத்த முகாமின் அளவை அந்தக் கணக்கு சொல்லும். ஏ நெகட்டிவ், ஓ நெகட்டிவ் போன்ற அரிய வகைக்காரர்களை எல்லா முகாமிலும் படுக்க வைக்காதீர்கள். மையத்தைக் கேட்டுவிட்டு, தேவை வரும்போது அழைப்பதற்கென்று ஒரு பகுதியினரை நிறுத்தி வையுங்கள். இவர்கள் எண்ணை வாட்ஸ்அப் குழுவில் பரப்பினால் இரவு இரண்டு மணிக்கெல்லாம் தெரியாதவர்கள் கூப்பிடுவார்கள், ஒரு மாதத்தில் கொடையாளர் தன் எண்ணையே மாற்றிவிடுவார். அழைப்பு சங்கத்தின் ஒருவர் வழியாகவே போகட்டும்.

பதிவேட்டில் ஆறு கட்டம் போதும்: பெயர், போன், ரத்த வகை, கொடுத்த தேதி, அடுத்துக் கொடுக்கக்கூடிய தேதி, திருப்பி அனுப்பப்பட்டிருந்தால் மீண்டும் அழைக்கும் தேதி. அரிமாவிலும் ரோட்டரியிலும் ஆண்டு ஜூன் 30-இல் முடிந்து, ஜூலை 1 முதல் புதிய பொறுப்பாளர்கள் வருகிறார்கள். பழைய செயலரின் வீட்டு அலமாரியிலோ அவருடைய போனிலோ பதிவேடு தங்கிவிட்டால் புதியவர் மறுபடி முதல் பெயரிலிருந்து தொடங்க வேண்டும். ஜூன் கடைசி வாரத்தில் இருவரும் ஒரு மணி நேரம் சேர்ந்து உட்காருங்கள். பழைய செயலர் பதிவேட்டைத் திறந்து வைத்து, ஜூலையில் தேதி வரும் முதல் பத்துப் பேரைத் தன் போனிலிருந்தே கூப்பிட்டு, இனி உங்களோடு பேசப்போகிறவர் இவர்தான் என்று புதியவரிடம் போனைக் கொடுக்கட்டும்.