கலங்கல் தண்ணிக்குள் ஒளி: அளக்கப் போகிறவர்கள் விடும் பிழைகள்

வன்னியில் ஒளியியல் செயற்றிட்டம் என்று தொடங்கும் பிள்ளைகள் அநேகமாகக் குளத்துக்குத்தான் போகிறார்கள். மாரியில் கனகராயன் ஆறு மண்ணை அள்ளிவர இரணைமடு கலங்கிவிடும். ஒரு போத்தல் தண்ணியும் சிவப்பு லேசரும் கிடைத்தால் பரிசோதனை தயார். நல்ல தெரிவுதான். ஆனால் நாங்கள் படித்த காலத்தில் சறுக்கிய அதே இடங்களில்தான் இவர்களும் சறுக்குகிறார்கள். போத்தல் கழுவுவது, கை ஆடாமல் பிடிப்பது எல்லாம் ஆய்கூடத்தில் சொல்லித்தருவார்கள். அவற்றை விடுகிறேன்.

வந்து சேராத ஒளியெல்லாம் உறிஞ்சப்பட்டது என்று எழுதுவது

எனக்கு இன்னும் எரிச்சல் தருவது இதுதான். லேசருக்கு நேர் எதிரே உணரியை வைப்பார்கள். வாசிப்பு விழுந்ததும், குறைந்த ஒளியிலிருந்து உறிஞ்சலைக் கணிக்கும் பியர்–லம்பேட் விதியில் போட்டு உறிஞ்சல் குணகம் எடுத்துவிடுவார்கள். அந்த விதி தெளிந்த கரைசலுக்கு உரியது. களி மிதக்கும் தண்ணியில் நேர்க்கற்றையிலிருந்து காணாமற்போன ஒளியில் பெரும்பங்கு அழியவில்லை. சிதறி, உணரிக்குப் படாமல் விலகிப் போயிருக்கிறது, அவ்வளவுதான்.

ஒரு குழு மாரி முழுக்க இரணைமடுவிலும் முத்தையன்கட்டிலும் மாதிரி எடுத்து, கிழமைக்குக் கிழமை கணித்து, வடிவான வரைபும் கீறிக்கொண்டு வந்தது. "பக்கத்தால வந்த ஒளியை அளந்தனீங்களோ?" என்று கேட்டேன். "இல்லை சேர், அது தேவையில்லாத ஒளிதானே." மாதிரிகளை அளந்த அன்றைக்கே ஊற்றியாயிற்று. குளமும் தெளிந்துவிட்டது. அடுத்த மாரிக்கு முன் அவர்களுக்குச் சோதனை.

தொடங்கும்போதே இதைச் செய்திருக்கலாம்: ஒரு குவளையில் நீல மை கரைத்த தண்ணி, மற்றதில் குளத்துத் தண்ணி. அறையை இருட்டாக்கி இரண்டுக்கும் சிவப்பு லேசரை அடியுங்கள். மைத்தண்ணியில் கதிர் மங்கிச் சாகும், பக்கமெல்லாம் இருட்டு. குளத்துத் தண்ணியில் குவளை முழுவதும் சிவந்து ஒளிரும், அதைப் பிடித்திருக்கும் விரலும் சிவக்கும். எதிரே உள்ள உணரியோ இரண்டுக்கும் ஒரே வாசிப்பைக் காட்டக்கூடும். அந்தச் சிவப்பைத்தான் உறிஞ்சல் என்று எழுதியிருக்கிறீர்கள்.

உணரியைக் குவளையைச் சுற்றி நகர்த்திக் கோணம் கோணமாக அளவுங்கள். வடிதாளில் வடித்த தண்ணியையும் அளந்து ஒப்பிடுங்கள். நுண்களி வடிதாளையும் தாண்டும்; அதையும் மனதில் வையுங்கள்.

ஒளி போன தூரமும் குவளையின் தடிப்பும் ஒன்று என்பது

வற்றாப்பளைப் பொங்கல் சனத்துக்குள் இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் போவதற்குள் எவ்வளவு சுற்றுகிறோம்? ஒளியும் அப்படித்தான். அது முதல் திசையை மறக்கும் தூரத்தைப்போல் பத்து மடங்கு தடிப்பிருந்தால், உள்ளே அலையும் பாதை தடிப்பைப்போல் பத்து மடங்கு வரையில் நீளும். பாலில் விட்ட துளி மை அவ்வளவு வேலை காட்டுவது அதனால்தான். ஆனால் சிதறல் மேலோங்கிய பொருளில் உறிஞ்சலை இரட்டித்தால் ஆழத்தோடு ஒளி தேயும் வீதம் இரட்டிக்காது. வர்க்கமூலக் கணக்கு: ஏறத்தாழ 1.4 மடங்கு.

ஒரே தடிப்பில் அளந்து முடிவு சொல்வது

வேண்டாம்.

ஒளி அடுக்குக்குறியாகக் குறைந்தால் அன்டர்சன் ஓரிடப்படல் என்று துள்ளுவது

ஒழுங்கின்மை மிகுந்தால் அலை பரவாமல் சிக்கிக்கொள்ளும் என்று பௌதிகவியலாளர் அன்டர்சன் 1958 இல் சொன்னார். சாதாரண உறிஞ்சலும் அதே வரைபைத்தான் தரும். 1997 இல் கலியம் ஆசனைட்டுத் தூளில் ஒளி சிக்கியது என்று அறிவிப்பு வந்தது. உறிஞ்சலாலும் அதை விளக்கலாம் என்று 1999 இல் ஜேர்மனியின் கொன்ஸ்டன்ஸ் குழு மறுத்தது. அதே குழு 2013 இல் வெள்ளைத் தூளில் தாங்கள் ஓரிடப்படலைக் கண்டதாகச் சொன்னதை, 2016 இல் தூளின் உடனொளிர்வுதான், அதாவது தூள் தானே உமிழ்ந்த ஒளிதான் என்று திருத்தியது. வரைபைப் பார்த்து அவசரப்படுவது பள்ளிக்கூடத்தோடு முடிவதில்லை.

ஒளியைப் பெருக்கும் பொருளுக்கு உறிஞ்சலின் குறியை மட்டும் (நேரை மறையாக) மாற்றுவது

சிறிய பொருளுக்குச் சரிவரும். பெருக்கம் கனவளவோடு வளர்கிறது, இழப்பு மேற்பரப்பால் நடக்கிறது. ஆகவே பொருள் ஓர் எல்லையைத் தாண்டினால் உள்ளொளி தானாகப் பெருகத் தொடங்கும் என்று சோவியத் பௌதிகவியலாளர் லெத்தொகோவ் 1968 இல் காட்டினார். அந்த எல்லைக்கு அப்பால் மாறாநிலைச் சமன்பாடு (ஒளி நேரத்தோடு மாறாது என்று கொள்ளும் சமன்பாடு) தரும் விடையில் பொருளில்லை.

றொடமீன் சாயமும் தைத்தானியம் ஈரொட்சைட்டுத் துணிக்கைகளும் கலந்த மெதனோலில் இப்படிப் பெருகிய ஒளியின் அடையாளமாக ஒடுங்கிய நிறமாலை 1994 இல் கிடைத்தது. அதைப் பச்சை லேசர் பொயின்ரரால் செய்துபார்க்கலாமா என்று வருடா வருடம் யாராவது கேட்பார்கள். அங்கே பாய்ச்சியது வலுவான லேசர்த் துடிப்புகள். பொயின்ரருக்குச் சாயம் ஒளிருமே தவிர, பெருக்காது.